சிவப்பு அட்டை கடைசியில்

எங்கள் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டிலிருந்து யார் வீட்டுக்கு எது வந்தாலும் தெரு அதைப் பார்த்தாக வேண்டும். சவுதிக் கம்பளி வந்தால், எங்கள் கம்பம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. மொட்டை மாடிக் கொடியில் விரித்துவிடுவார்கள்; நனையாத கம்பளி காய்ந்துகொண்டிருக்கும். சென்ட் பாட்டில் வந்தால் அன்றைக்குத் தபால்காரர் சட்டையில்கூட ஒரு சொட்டு விழும். இதைப் பீற்றல் என்று சொல்பவர்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வராதவர்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

மீரான் மைதீன் ராவுத்தர் எனக்குப் பக்கத்து வீடு. வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மெல்லிய சுவர். கட்டிய கொத்தனாரை எல்லோரும் திட்டுவார்கள். நான் ஒரு நாளும் திட்டியதில்லை. அவர் மகள் யாஸ்மின் உத்தமபாளையம் காலேஜில் கணக்குப் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு இரண்டு டம்ளர் காபி செலவாகும். அப்படிப்பட்ட பெண்.

2003-இல் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை முஜிபுர் ரஹ்மான் உத்தமபாளையத்துக்காரர்தான். ஹாலந்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் இன்ஜினியர். நிச்சயத்தன்று பெரியவர்கள் பிரியாணியில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து அவர் யாஸ்மினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"உங்களுக்கு என்ன கேக்கப் பிடிக்கும்?"

நகை என்ன பிடிக்கும், சமைக்கத் தெரியுமா என்று கேட்கிற உலகத்தில் இது என்ன கேள்வி? யாஸ்மினும் சளைக்கவில்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த மாப்பிள்ளையைத் தவிர இனி வேறு மாப்பிள்ளை இந்தப் பெண்ணுக்கு இறங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை ஹாலந்து திரும்பிவிட்டார்; இவள் யோசித்து முடிப்பதற்குள் பார்சல் வந்து சேர்ந்தது. லீவில் வந்த நண்பர் ஒருவர் கையில் மாப்பிள்ளை கொடுத்தனுப்பியது. சாக்லேட் இல்லை, சென்ட் இல்லை. ஒரு கட்டு சிடி. "இதுதான் அவன் கேக்கற பாட்டாம். ப்ரீ ஜாஸ்னு பேரு. சிவப்பு அட்டையிலிருந்து தொடங்கச் சொன்னான்" என்று சொல்லிவிட்டு அந்த நண்பர் டீ குடித்துப் போய்விட்டார்.

ராவுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம்தான் குமுளி ரோட்டில் அவருடைய புதுக்கடைத் திறப்பு. குமுளி வியாபாரிகள், கோட்டயத்து வியாபாரிகள், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையான சின்னத்தா என்று ஊரே திரள்கிற இடம். ஹாலந்துப் பாட்டைக் கம்பளி மாதிரி கொடியில் போட முடியாது. ஆனால் மைக் செட்டில் போடலாம் அல்லவா? மைக் செட் பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டு, "ஏலே பாண்டி, மரத்துக்கு மரம் குழாயைக் கட்டிருடா. மருமகப் பிள்ளை அனுப்பிச்ச பாட்டு சுருளிப்பட்டி வரைக்கும் கேக்கணும்" என்றார்.

ஒருவரும் முன்னால் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. வந்த பொருளை நாமே பிரித்துத் தின்றுவிட்டுத் தெருவுக்குக் காட்டினால் அது மரியாதையா?

ஹஜ்ரத் துஆ ஓதி முடித்தார். சமோசா வந்தது. ராவுத்தர் கண்ணைக் காட்ட, பாண்டி சிவப்பு அட்டையைப் பிரித்து உள்ளிருந்த சிடியைப் போட்டான்.

முதலில் ஒரு சாக்சபோன் கத்தியது. வாசித்தது என்று சொல்ல மனம் வரவில்லை. அது மூச்சு விடுவதற்குள் இன்னொன்று அதன்மேல் விழுந்தது. டிரம்ஸ், லாரியிலிருந்து பாத்திரக்கடை சரிவது போல. ஆளுயர வயலின் ஒன்று உறுமியது. யாரோ பியானோவை முழங்கையால் துவைத்தார்கள். ரோட்டில் போன லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிக் குனிந்து தன் இன்ஜினைப் பார்த்தார். குழந்தைகள் வீறிட்டன. கோட்டயத்து வியாபாரி சமோசாவைக் கையில் வைத்தபடி, "எந்தா இது?" என்றார்.

பாண்டி பாய்ந்து ஆம்ப்ளிஃபயரை இரண்டு அடி அடித்தான். சத்தம் இன்னும் கூடியதே தவிர நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான்.

"என்னலே செட்டு வச்சிருக்க? ஓட்டை செட்டு!" என்று ராவுத்தர் பல்லைக் கடித்தார்.

"செட்டுல பழுதில்ல ராவுத்தரே! பாட்டே இப்படித்தான்!"

ஒருவரும் நம்பவில்லை. பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி பிளக்கைச் சொருகி, வழக்கமாகப் போடும் பக்திப் பாட்டுக் கேசட்டைப் போட்டான். தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் ராவுத்தரைக் கொன்றது. ஏனென்றால் செட்டு நல்ல செட்டு என்றால், மாப்பிள்ளை ஹாலந்தில் தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு இதைத்தான் கேட்கிறார் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் சின்னத்தா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. நான் இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டுக் கீரையை அவ்வளவு நேரம் ஆய முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"மூளை சரியா இருக்கறவன் கேக்கற சத்தமா அது? வெள்ளிக்கிழமை போன் பண்ணுவான்ல. மரியாதையாச் சொல்லி முடிச்சுக்கிடுவோம்" என்றார் ராவுத்தர்.

"நிச்சயம் ஆன புள்ளைங்க. ஊரு என்ன சொல்லும்?" இது அவர் மனைவி சாபிரா.

"ஊரு இன்னைக்கே சொல்லிருச்சுடி! கோட்டயத்துக்காரக எல்லாம் சிரிச்சாக. நீ பாக்கலையா?"

பிறகு யாஸ்மின்.

"அத்தா, வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த சிடி எல்லாம் என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

"அவரு கேள்வி ஒண்ணு கேட்டாக. இன்னும் பதில் சொல்லல."

ராவுத்தர் என்ன நினைத்தாரோ, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் தன் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் யாஸ்மின் துப்பட்டாவுக்குள் சிடிக் கட்டுடன் என் வாசலில் நின்றாள்.

"பவுனு அக்கா, உங்க விசிடி பிளேயர் ஓடுதா?"

ஓடாவிட்டாலும் ஓட வைத்திருப்பேன்.

மாப்பிள்ளை சொல்லை மீறக் கூடாது என்று சிவப்பையே முதலில் போட்டாள். பாட்டு பாதி ஓடுவதற்குள் எனக்குத் தலைவலி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர். அழுகையா, சத்தமா என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டுச் சிடி அட்டைகளைத் தரையில் பரப்பினாள். சிவப்பு அட்டையில் ஒரு பட்டாளமே நின்றது. இன்னொன்றில் ஒரு படிக்கட்டு, அதில் இரண்டே பேர். மற்றொன்றில் குடை பிடித்த ஒருவர், பக்கத்தில் நனைந்தபடி இருவர். ஒன்று வெறும் வெள்ளை. பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையவில்லை. நாங்கள் அட்டையை வைத்துத்தான் பேசிக்கொண்டோம்.

படிக்கட்டைப் போட்டாள். ஒருவர் சாக்சபோன், ஒருவர் டிரம்ஸ். பாட்டு என்று ஒன்றும் இல்லை. ஆனால் பட்டாளம் இல்லாததால் சத்தத்துக்குள் ஆள் தெரிந்தார்கள்.

"இதுல மெட்டே வரமாட்டேங்குதேக்கா. எங்க பிடிக்கிறதுன்னே தெரியல" என்றாள்.

அந்த நேரம் மாடியில் குடியிருக்கிற கயலும் அவள் வீட்டுக்காரரும் ஆரம்பித்தார்கள். தினமும் நடக்கிற சண்டைதான். அவள் மிக்சியைப் போட்டுக்கொண்டு திட்டுவாள். அவன் டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டு பதில் சொல்லுவான். என் கை தானாகவே அடுப்பைத் தணித்தது. காது மேலே போய்விட்டது.

"என்னக்கா சண்டை?" என்றாள் யாஸ்மின்.

"அவன் தங்கச்சி வாராளாம் பொங்கலுக்கு. இவளுக்குப் பிடிக்கல. அவன் பேச்ச மாத்துறான், இவ விடல. பாரு, இப்ப மிக்சியை நிறுத்துவா. நிறுத்திட்டு மெதுவா ஒண்ணு சொல்லுவா. அதுதான் குத்து."

மிக்சி நின்றது. மேலே ஏதோ மெதுவாகக் கேட்டது. டிவியும் நின்றுவிட்டது.

யாஸ்மின் என்னையே பார்த்தாள். "ஒரு வார்த்தைகூடத் தெளிவாக் கேக்கலையேக்கா! எப்படிச் சொன்னீக?"

"வார்த்தை எதுக்குடி? ஒரு ஆளைப் பிடிச்சுக்கிடணும். அவ எங்க ஏறுறா, எங்க எறங்குறா, அவன் எந்த இடத்துல குறுக்க வாரான். மத்த சத்தம் கெடக்கட்டும்."

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்தக் காதைப் பற்றி இந்தத் தெரு பேசாத பேச்சில்லை. அந்தக் காதுதான் அன்று உதவியது. யாஸ்மின் படிக்கட்டை முதலிலிருந்து போட்டாள். டிரம்ஸ்காரரை மட்டும் பிடித்துக்கொண்டாள். சாக்சபோன்காரர் என்னதான் அலறினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள்; இந்த முறை சாக்சபோன்காரரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டபோது அவள் கீரைத் தட்டில் தாளம் போட்டாள். தாளம் என்று அதில் எதுவும் கிடையாது. ஆனாலும் சரியாக விழுந்தது.

"மெட்டத் தேடுனதுதான்க்கா தப்பு. ஆளத் தேடியிருக்கணும்" என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் இதே வேலை. ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டுத்தான். அதற்குமேல் போட விடமாட்டாள். முழு சிடியையும் ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியுமாம், கல்யாண வீட்டில் எல்லா இனிப்பையும் தின்றால் போல. படிக்கட்டுக்குப் பிறகு குடைக்காரர். அதில் மூன்று பேர். தொடக்கத்தில் சின்னதாக ஒரு மெட்டு வந்து வழி காட்டிவிட்டுத் தொலைந்துபோகும். வெள்ளை அட்டையில் ஊதுவதைவிட ஊதாமல் இருப்பதுதான் அதிகம். உரசல், மூச்சு, திடீரென்று ஒரு தட்டல். எனக்கு அது பிடித்துப்போயிற்று, ஒட்டுக்கேட்பதற்கென்றே செய்த பாட்டு. எல்லாம் கேட்டுப் பழகிய பிறகு, கடைசியாகச் சிவப்பு. அன்றைக்கு அது வேறு பாட்டாக இருந்தது. பட்டாளத்தில் ஒவ்வொருத்தரையும் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது.

ஆனால் வியாழக்கிழமை வந்துவிட்டது. யாஸ்மினுக்குப் புரிந்து என்ன பிரயோஜனம்? போனை எடுத்துப் பேசப்போவது அவள் அத்தா.

அப்போதுதான் பாண்டீஸ்வரன் வந்து சேர்ந்தான். கடைத் திறப்புக்குப் பிறகு அவனுடைய செட்டை ஒருவரும் கூப்பிடவில்லை. அனுமந்தன்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் பேசியிருந்தவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம். "பழுது என் செட்டுல இல்லன்னு ராவுத்தர் வாயால ஒரு வார்த்தை வரணும் அக்கா. வராம விடமாட்டேன்" என்றான். யாஸ்மின் அவனைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கணக்குக்கு விடை கிடைத்த பார்வை.

"பாண்டியண்ணே, பெரிய குழாயெல்லாம் வேணாம். சின்னப் பெட்டி ஒண்ணு போதும். மத்தியானம் ஏலம் முடிஞ்சதும் அத்தா கடைக்குக் கொண்டாங்க."

வாழைத்தார் ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தாருக்கு முன்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், பாதித் தமிழ், பாதி மலையாளம். லோடுமேன்கள் வழி கேட்டு அலறுவார்கள். லாரி பின்னால் வரும். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நிற்பார். யார் நிஜமாக வாங்க வந்தவர், யார் விலையை ஏற்றிவிட மட்டும் கத்துகிறவர், யார் இன்னும் வாயே திறக்காமல் கடைசியில் தூக்கப்போகிறவர் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். இந்தப் பள்ளத்தாக்கில் அந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று போட்டியாளர்களே சொல்லுவார்கள். சொல்லிவிட்டு வயிறு எரிவார்கள்.

ஏலம் முடிந்து கடை காலியாகக் கிடந்தது. ராவுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். லோடுமேன் சங்கிலி வாழைச்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் துணைக்குப் போயிருந்தேன். கல்யாணம் நிச்சயமான பெண் கடைத்தெருவுக்குத் தனியாகப் போகலாமா?

யாஸ்மின் சொல்ல, பாண்டி குடைக்காரரைப் போட்டான்.

"ஏ புள்ள! இங்கனயும் கொண்டாந்துட்டியா? நிப்பாட்டுடா பாண்டி!"

"நிப்பாட்டச் சொல்றேன் அத்தா. இதுல மூணு பேரு இருக்காக. கடைசியில ஏலம் யாருக்குன்னு மட்டும் சொல்லிருங்க."

ராவுத்தர் முறைத்தார். ஆனால் ஏலம் என்ற சொல் விழுந்துவிட்டது. கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. கண்ணை மூடினார்.

"இதென்ன கேள்வி. அந்தா கத்துறானே ஊதுறவன், அவனுக்குத்தான். மத்தவன் எல்லாம் சும்மா நிக்கிறான்."

பாட்டு ஓடியது. சாக்சபோன் ஏறி ஏறி, உச்சியில் போய், சட்டென்று விட்டுவிட்டது. டிரம்ஸ் தயங்கியது. ஆளுயர வயலின் அதுவரை கட்டைக் குரலில் முனகிக்கொண்டிருந்தது, மெதுவாக முன்னால் வந்து, தனியாக நின்று, முடித்து வைத்தது.

சங்கிலி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, "மொதலாளி, கணக்குத் தப்பிருச்சே" என்றான்.

ராவுத்தர் கணக்குத் தப்பி நாங்கள் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"திருப்பிப் போடு" என்றார்.

திருப்பிப் போட்டான். சோறு காய்ந்தது. இந்த முறை அவர் தலை சாக்சபோன் பக்கம் திரும்பவே இல்லை.

"அட! ஊதுறவன் வாங்க வந்தவனே இல்ல. விலையை ஏத்திவிட வந்தவன். கட்டைக் கம்பிக்காரன் மொதல்லயே முடிவு பண்ணிட்டான் பாரு. சத்தம் போடல. காத்துக் கெடக்கான். எத்தா... எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கான்!"

"அந்தக் கொட்டுக்காரன் யாரு மொதலாளி?" என்றான் சங்கிலி.

"நீதான்டா அது. வழி விடு, வழி விடுங்கறான்."

"நான் இம்புட்டுச் சுத்தமாவா கத்துறேன்?"

"இல்ல. இவன் நல்லாக் கத்துறான்."

யாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வரிசை தவறாமல் ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியில், அவர் தானாகவே சிவப்பைப் போடச் சொன்னார். குழந்தைகள் வீறிட்ட அதே சிவப்பு. பாதி கேட்டுவிட்டு, "இது கம்பம் மார்க்கெட் இல்ல தாயி. கோயம்பேடு" என்றார். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆனா ஒருத்தன் இடத்துல இன்னொருத்தன் நிக்கல பாத்தியா? விட்டு விட்டுத்தான் கத்துறானுக" என்றார்.

பாண்டி தொண்டையைச் செருமினான். ராவுத்தர் அவனைப் பார்த்தார். "செட்டுல பழுதில்லடா. போதுமா? நாளைக்கே மார்க்கெட்ல சொல்லிருறேன்." பாண்டி பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தேவதானப்பட்டி வரை அப்படியே நடந்திருப்பான்.

அப்போ கல்யாணம்? யாஸ்மின் கேட்கவில்லை. அவள் நின்ற நிலைதான் கேட்டது.

"பாட்டு வேற, மாப்பிள்ளை வேற" என்றார் ராவுத்தர். "ஊருக்கு முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சவன் அவன். நாளைக்கு அவன் வாயில என்ன வருதுன்னு பாப்போம். ஆளு எப்படின்னு அதுல தெரிஞ்சுபோகும்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் ராவுத்தர் வீட்டு ஹாலில் இருந்தார்கள். நான் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரமே இருக்கிறது என்பது சாபிராவுக்குத் தெரியும். பெரிய மனசு, ஒன்றும் சொல்லவில்லை. போன் அடித்தது. ராவுத்தர் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார்.

மாப்பிள்ளைக்குச் சேதி ஏற்கெனவே போயிருந்தது. சின்னத்தா சும்மா இருப்பாரா? சலாம் சொன்ன மறு நொடியே கொட்டிவிட்டார்.

"மாமா, தப்பு என்னோடதுதான். அதையெல்லாம் அங்கன அனுப்பியிருக்கவே கூடாது. தூக்கிப் போட்டுருங்க மாமா. நானும் இங்க இருக்கறத எல்லாம் குடுத்துடுறேன். இனிமே அந்தப் பாட்டே கேக்கமாட்டேன்."

பெரியவர்கள் கேட்க விரும்புகிற பேச்சுத்தான். சாபிராவுக்கு உயிர் வந்தது. ஆனால் ராவுத்தர் முகம் சுருங்கிவிட்டது. அவர் தொழிலில் இப்படிப்பட்ட ஆளைத் தினமும் பார்க்கிறார். விலை கேட்டுவிட்டு, பக்கத்தில் நாலு பேர் சிரித்ததும் நான் கேட்கவே இல்லை என்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு அவர் தார் கொடுப்பதில்லை. பெண்ணை எப்படிக் கொடுப்பார்?

"அப்ப உங்களுக்கு அது பிடிக்காதா தம்பி?" என்றார். குரல் தணிந்திருந்தது. தணிந்தால்தான் ஆபத்து.

"பிடிக்கும் மாமா... ஆனா..."

"ஆனா?"

ராவுத்தர் கை போனை வைத்துவிடப் போவது போல நகர்ந்தது. அதற்குள் யாஸ்மின் எழுந்து வந்தாள். நிச்சயமான பெண் எல்லோர் முன்னாலும் தானாகப் போய் போன் அருகில் நிற்பது எங்கள் தெருவில் அதுவரை நடந்ததில்லை. என் கையிலிருந்த கறிவேப்பிலை கீழே விழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் யாஸ்மின்."

அந்தப் பக்கம் அவசரமாக சலாம் வந்தது.

"எதையும் தூக்கிப் போட வேணாம். என்ன கேக்கப் பிடிக்கும்னு கேட்டீகள்ல, எனக்கும் இந்தப் பாட்டுதான். நீங்க சொன்ன வரிசைதான் தப்பு."

"என்ன... என்ன தப்பு?"

"எடுத்த எடுப்புல யாராவது சிவப்பக் குடுப்பாங்களா? அத்தன பேரு சேந்து கத்துனா யாரப் பிடிக்கிறது? படிக்கட்டுல தொடங்கணும். ரெண்டு பேருதான். ஒருத்தரப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை, இன்னொருத்தரப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை. அப்புறம் குடைக்காரரு. அப்புறம் வெள்ளை, அது அவசரமில்ல, சும்மா இருக்கற நேரத்துல. சிவப்புக் கடைசியில. அத்தாகூட இப்படித்தான் கேட்டாக."

"மாமா கேட்டாகளா?"

"அந்தக் குடைப் பாட்டுல ஊதுறவன் விலை ஏத்திவிட வந்தவன் தம்பி!" என்று ராவுத்தர் போனுக்குள் குனிந்து கத்தினார். "கட்டைக் கம்பிக்காரன்தான் ஆளு!"

ஹாலந்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பா, வேறு ஏதாவதா, இந்தக் காதுக்கே அன்று பிடிபடவில்லை. பிறகு மாப்பிள்ளை யாஸ்மினிடம் கேட்டார்.

"அந்தப் படிக்கட்டுல, முடியறதுக்கு முந்தி ஒரு மூச்சு வாங்குற சத்தம் வருமே. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"டிரம்ஸ்காரரோட மூச்சு. களைச்சுப் போயிருப்பாரு."

"இல்ல. ஊதுறவரோடது."

"இல்லங்க, நான் வருஷக்கணக்காக் கேக்கறேன். டிரம்ஸ்காரரோடதுதான்."

"நல்லாக் கேளுங்க. அந்த மூச்சு வரும்போது டிரம்ஸ் நிக்கல. ஊதல்தான் நின்னுருக்கும்."

"ஒரு நிமிஷம்" என்றார். வெளிநாட்டு போன் பில் ஏற ஏற, எல்லோரும் காத்திருந்தோம். தூரத்தில், மிகச் சின்னதாக, ஹாலந்து அறையில் படிக்கட்டு ஓடுவது கேட்டது. ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். சாபிரா அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாஸ்மின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது.

சத்தம் நின்றது. மாப்பிள்ளை திரும்பி வந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "இத்தன வருஷமாத் தப்பாக் கேட்டுருக்கேன்."

"நாலு பேரு சிரிச்சா மறுபடி தூக்கிப் போடுவீகளா?" என்றாள் யாஸ்மின்.

"மாட்டேன். இனிமே யாரு சிரிச்சாலும் மாட்டேன்."

ராவுத்தர் கண்ணைத் திறந்தார். மாப்பிள்ளை மகளிடம் வாதாடிப் பார்த்துத் தப்பை ஒப்புக்கொண்டதிலா, யார் சிரித்தாலும் விடமாட்டேன் என்றதிலா, எதில் அவர் மனசு இறங்கியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரே ஊருக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் நான் குறுக்கே போவதில்லை.

"சாபிரா" என்றார், பொண்டாட்டியைக் கூப்பிடுவது போல அல்ல, ஏலம் முடிக்கிற குரலில். "கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொல்லிரு."

அன்றைக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஹாலந்துக்கே கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அங்கே மாப்பிள்ளையின் நண்பர்கள் யார் அந்தப் பாட்டைக் கேட்கத் தொடங்கினாலும் கம்பத்து வரிசையில்தான் தொடங்குகிறார்களாம். அன்றைக்கு யாஸ்மினும் மாப்பிள்ளையும் இன்னும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்காமல் சேதி சொல்லத் தெருவுக்கு ஓடினேன்.